இரண்டு வாய் படிக்காத எண்

கனகலிங்கம் தம் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. ஆனால் 1949 ஜனவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டரை மணி தொடங்கிக் கிள்ளான் வட்டாரத்தில் கைமாறிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அவர் கண்ணுக்குத் தப்பியதுமில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீதியில் இருந்த சபாபதி ஆயுதக் கடையில் அவர் கிராணி, அதாவது கணக்கெழுதுபவர். விற்பனை, பழுது, பாதுகாப்பு என்று எதற்காக ஒரு துப்பாக்கி கடைக்குள் வந்தாலும் அதைப் பெரிய ரிஜிஸ்டரில் பதிவது அவர் பொறுப்பு. போலீஸார் எந்த நாளிலும் வந்து புரட்டிப் பார்க்கக்கூடிய ரிஜிஸ்டர் அது.

பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு. காலை ஆறு ஐம்பதுக்குக் குடையும் சாப்பாட்டு அடுக்குமாகப் பஸ் ஏறுவார். வெள்ளை லோங்ஸ் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. கடைக்கு வந்ததும் முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், பிறகுதான் ரிஜிஸ்டரைத் தொடுவார்.

பதிவு செய்வதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எண்ணை எந்தத் தாளிலிருந்தும் எடுக்கமாட்டார். துப்பாக்கியின் இரும்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படிப்பார். பழுதுபார்க்கும் பக்கிரிசாமி அதே இரும்பைத் தன் கண்ணால் பார்த்து மறுபடி படிக்க வேண்டும். அது என்ன வகைத் துப்பாக்கி என்பதையும் பக்கிரிசாமி திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால் கனகலிங்கம் நீல மையில் எழுதி ஒரு டிக் போடுவார். பக்கத்திலேயே பக்கிரிசாமி தன் கையால் இன்னொரு டிக் போட வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் ‘இரண்டு வாய்’.

"பிள்ளைக்குப் பேரு வைக்கிற மாதிரி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓதுறீங்களே, சக்கரைத் தண்ணி ஏதும் தருவீங்களா கிராணி?" என்று பன்றி வேட்டைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"பிள்ளைக்குப் பேர் பிழைச்சா மாத்திக்கலாம். இதுக்கு மாத்த முடியாது. கொஞ்சம் நில்லுங்க" என்பார் கனகலிங்கம், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

1976 மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ராதாகிருஷ்ணன் வந்தார். நூற்று இருபது ஏக்கர் ரப்பர்த் தோட்டத்துக்கு உரிமையாளர். ஷா ஆலம் தொழிற்சாலையில் பாகம் பூட்டிய புது வோல்வோ வாசலில் நின்றது. உறையில் சுற்றிய ஒரு சின்ன ரைஃபிளை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு தரம் சுட்டா மூணாவது சிக்குது அண்ணே. பன்றி என்னைப் பார்த்து நிக்குது, நான் பன்றியைப் பார்த்து நிக்கிறேன். மாசக் கடைசில லைசென்ஸ் வேற முடியுது. சரி பண்ணி, கடை சர்டிபிகேட்டும் குடுத்துட்டீங்கன்னா போதும்."

லைசென்ஸைப் புதுப்பிக்கப் போலீஸ் அந்தச் சர்டிபிகேட்டைக் கேட்கும். அதில் கையெழுத்துப் போடுபவர் கனகலிங்கம். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். ராதாகிருஷ்ணன் போய் அரை மணி நேரத்தில் பட்டறையிலிருந்து பக்கிரிசாமியின் குரல் வந்தது.

"கிராணி ஐயா, இங்க கொஞ்சம் வாங்க. புத்தகத்தையும் கொண்டாங்க."

பக்கிரிசாமி சாதாரணமாகப் புத்தகத்தைக் கேட்கிற ஆள் இல்லை. கனகலிங்கம் எடுத்துக்கொண்டு போனார். ரைஃபிள் மேசைமேல் பிரிந்து கிடந்தது.

"இதை என்னன்னு போட்டிருக்கீங்க?"

"விசையை ஒரு தடவை அழுத்தினா ஒரு குண்டு."

"இப்ப அப்படித்தான். பொறந்தப்ப அப்படி இல்ல ஐயா." பக்கிரிசாமி கறுப்பு நகத்தால் ஓர் இடத்தைக் காட்டினான். "பட்டாளத்துச் சாமான் இது. விசையைப் பிடிச்சா விடுற வரைக்கும் பொழியிறதுக்குத்தான் ஃபேக்டரில செஞ்சிருக்கான். அப்புறம் எவனோ உள்ள அடைச்சு, மேல தேச்சு, மெருகும் போட்டிருக்கான். நான் செஞ்சாக்கூட இவ்வளவு சுத்தமா வராது."

"மறுபடி பழையபடி ஆக்கலாமா?"

பக்கிரிசாமி எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான். "நான் ஆக்கமாட்டேன். ஆக்குறவன் எங்கயாவது இருப்பான். சட்டம் பயப்படுறது அவனுக்குத்தானே."

கனகலிங்கம் ரிஜிஸ்டரைப் புரட்டினார். பக்கம் 212, வரி ஒன்பது. 1968 நவம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. அவருடைய சாய்வான எழுத்து. எண் 4730182. பக்கத்தில் ஒரு டிக். இரண்டாவது டிக் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அவருக்கு அந்த நாள் முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மெக்கின்டயர் துரை, துப்பாக்கியை ராதாகிருஷ்ணன் பெயருக்கு மாற்றத் தாமே நேரில் வந்திருந்தார். கப்பலுக்கு நேரமாகிறது என்று நின்றுகொண்டே பேசினார். பக்கிரிசாமி அன்று ஒரு சாவுக்காக பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போயிருந்தான். துரை தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை நீட்டினார். துப்பாக்கியின் எண், வகை எல்லாம் அதில் இருந்தன. அடியில் பெரிய, அழகான கையெழுத்து. கனகலிங்கத்தின் தகப்பனார் முப்பது ஆண்டு அரசாங்கக் கிராணியாக இருந்தவர். துரை கையெழுத்துப் போட்ட தாளை எழுந்து நின்று வாங்கியவர். அந்தப் பழக்கம் மகனுக்கும் இருந்தது. துரையின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துரையின் கண்முன்னாலேயே துப்பாக்கியைத் திறக்கச் சொல்லிச் சரிபார்ப்பது அவமரியாதை என்று அன்றைக்குப் பட்டது. கடிதத்தைப் பார்த்து எழுதினார். குறிப்புக் கட்டத்தில் ‘துரையின் கடிதப்படி’ என்றும் எழுதினார். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஒரு வரியை நம்பி லைசென்ஸ் ஏழு தடவை புதுப்பிக்கப்பட்டிருந்தது.

"உங்க பக்கத்துல தப்பு இல்லையே ஐயா. துரை பொய் சொன்னாரு" என்றான் பக்கிரிசாமி.

"துரை பொய் சொன்னார். நான் அதை நீல மையில எழுதினேன்."

பிரித்த துப்பாக்கியைத் திரும்பப் பூட்டச் சொல்லி, முதலாளியோடு சேர்ந்து காலையில் திறந்த இரும்பறைக்குள் அதை வைத்துச் சாத்தினார் கனகலிங்கம். இரும்பறைக்கு, சாத்தியதும் தானே விழும் இரண்டு பூட்டு. ஒரு சாவி முதலாளியிடம், ஒரு சாவி கிராணியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். தம் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு முதலாளி சபாபதியிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

சபாபதிக்கு முப்பத்தைந்து வயது. அரைக்கால் சட்டையோடு அவர் கடையில் ஓடித் திரிந்த நாட்களிலேயே கனகலிங்கம் அங்கே கிராணி. சபாபதி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு, பக்கிரிக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாது. எட்டு வருஷம் தூங்கின நாயை எதுக்கு ஐயா எழுப்புறீங்க? காலம் எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? எழுபத்தொண்ணுல ஒரு சட்டம், போன வருஷம் இன்னொண்ணு. ஆயுதம்னு சொன்னாலே தூக்குக் கயிறுதான் முன்னால வந்து நிக்குது. கடை லைசென்ஸ் போச்சுன்னா நாம எல்லாரும் தெருவுலதான் லா."

"அதனாலதான் சொல்றேன் முதலாளி. நாளைக்கு அந்தத் தோட்டத்துல எவனாவது அதைத் திருடி, பழையபடி ஆக்கி, எங்கயாவது சுட்டான்னு வைங்க. எந்தக் கடை சாதாரணத் துப்பாக்கின்னு எழுதிக் குடுத்ததுன்னு கேப்பாங்க. என் எழுத்து இருக்கு."

சபாபதி குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். பழைய ரிஜிஸ்டரைக் கறையான் அரித்துவிட்டதென்று சொல்லிவிடலாம். புது ரிஜிஸ்டர் ஒன்று கட்டி, எல்லாவற்றையும் கனகலிங்கமே தம் கையால் நகல் எடுக்க வேண்டியது. அந்த வரியில் மட்டும் இரண்டு டிக்கும் போட்டுவிட்டால் முடிந்தது. துப்பாக்கியை ராதாகிருஷ்ணன் எடுத்துக்கொண்டு போய் ஏதாவது குளத்தில் போட்டுவிடட்டும்.

"ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் பதிவு" என்றார் கனகலிங்கம்.

"ரெண்டு மாசம் எடுத்துக்குங்க. வேற வேலை வேணாம்."

"நல்லது. இப்ப சொன்னதை எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எழுத்துல இருந்தா நான் ஃபைல் பண்ணிக்கிறேன்."

சபாபதி அவரையே பார்த்தார். "என்னை மாட்டி விடுறீங்களா?"

"நீங்க சொன்னதை நீங்க எழுதினா அது எப்படி மாட்டி விடுறது?"

புதன்கிழமை முழுவதும் கடையில் பேச்சு இல்லை. பக்கிரிசாமிகூட அரத்தை மெதுவாகத்தான் தேய்த்தான். வியாழக்கிழமை காலையில் சபாபதி சொல்லி அனுப்பி ராதாகிருஷ்ணன் வந்தார். வரும்போதே குரல் உயர்ந்திருந்தது.

"என் துப்பாக்கி. என் லைசென்ஸ். எடுத்துக் குடுங்க கிராணியாரே, நான் போறேன்."

"இரும்பறையில இருக்கு."

"திறங்க."

"என் சாவி என் பையில இருக்கு. அது வெளிய வராது."

சபாபதி தம் சாவியை மேசைமேல் வைத்தார். கனகலிங்கம் அதைப் பார்க்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். அரசாங்க அச்சகத்தில் வாங்கிய ஆயுதச் சட்டம். ஒவ்வொரு திருத்தமும் வந்த தேதியோடு ஒட்டப்பட்டிருந்தது.

"ரெண்டே சொல்லு. விசையைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் தொடர்ந்து சுடும்படி ‘வடிவமைக்கப்பட்டது’ இல்லாட்டி ‘மாற்றியமைக்கப்பட்டது’. உங்க சாமான் முதல் சொல்லுல விழுந்துடுது. அது பொது ஆள் வீட்டுல இருக்கக்கூடாது."

"அதான் இப்ப ஒண்ணொண்ணாத்தானே சுடுது! பல்லைப் பிடுங்கியாச்சு."

"நாய்க்கு வாயைக் கட்டினா அது ஆடாயிடுமா சார்? கட்டை அவிழ்க்க எவ்வளவு நேரம்? சட்டம் இன்னைக்கு எப்படிச் சுடுதுன்னு கேக்கலை. எதுக்காகச் செஞ்சதுன்னு கேக்குது."

பட்டறை வாசலில் நின்ற பக்கிரிசாமி இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தான். ராதாகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பேச்சு நல்லா வருது. எழுதினவரு யாரு? நீங்கதானே? போலீஸ் வந்தா முதல்ல உங்களைத்தான் தூக்கும். இந்த வயசுல உள்ள போய்க் கம்பி எண்ணணுமா?"

"எண்ணுறது எனக்குப் பழக்கம்தான்" என்றார் கனகலிங்கம்.

பிறகு அவர் குரல் சற்று இறங்கியது. "சார், உங்களுக்கு இது தெரியாது. நம்புறேன். கடைச் சர்டிபிகேட்டை நம்பி வெச்சிருந்தீங்க. ஆனா இப்ப தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகு உங்க கையில அதைப் பிடிச்சா, கயித்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில பத்து மணிக்கு நான் போலீஸ் நிலையத்துக்குப் போறேன். அதுக்கு முன்னால நீங்க போனீங்கன்னா, முதல்ல வந்து சொன்னவர் நீங்க. அந்த வித்தியாசம் உங்களுக்குப் பெரிசு. எனக்கு ஒண்ணுமில்லை."

ராதாகிருஷ்ணன் வெளியே போனார். வோல்வோவின் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

சபாபதி சொன்னார். "நாளைக்கு நீங்க அங்க போனா, மறுநாள் இங்க வர வேணாம்."

அன்று மாலை வீட்டில் மனைவி சிவமலர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சாருங்கோ, மூண்டு நாளாப் பாக்கிறன். முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. என்ன நடந்தது?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார், பக்க எண், வரி எண் உட்பட. சிவமலர் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் கண்கள் கலங்கின. கோபமும் வந்தது.

"ஓய்வுக்கு ஒரு வருசம் கிடக்கேக்கையோ உங்களுக்கு இந்த வேலை? துரை எழுதிக் குடுத்தார் எண்டு சொல்லுங்கோவன். அந்தாள் சீமையிலை இருக்கு. ஆர் போய்க் கேக்கப் போயினம்?"

"கடிதம் துப்பாக்கியைப் பாக்கேல்லை, மலர். நான்தான் பாத்திருக்க வேணும்."

"உங்களைப் பிடிச்சு அடைச்சால்?"

"அடைச்சால் எத்தினை நாள் எண்டு எழுதி வைப்பன்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இஸ்திரிப் பெட்டியின் சூடு அறை முழுவதும் மணத்தது. அவருடைய நல்ல வெள்ளை லோங்ஸை மேசைமேல் விரித்துப் போட்டு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிழையைச் சொல்லப் போறவர் கசங்கின உடுப்போடை போனால் பொய்காரன் எண்டு நினைப்பாங்கள்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது ஐம்பதுக்குக் கனகலிங்கம் போலீஸ் நிலையத்தின் வாசலுக்கு வந்தார். துணியில் சுற்றிய ரிஜிஸ்டர் மார்போடு அணைத்தபடி இருந்தது. வேலியோரம் அந்த வோல்வோ நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ராதாகிருஷ்ணன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகலிங்கம் குடையின் முனையால் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது.

"எப்ப வந்தீங்க?"

"எட்டரைக்கு" என்றார் ராதாகிருஷ்ணன். "கால் வரமாட்டேங்குது அண்ணே."

கனகலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நான் இங்கேயே நிக்கிறேன். போயிட்டு வாங்க."

அவர் சொன்னபடியே அந்த வெயிலில் பத்து நிமிடம் நின்றார். ராதாகிருஷ்ணன் உள்ளே போனார். பத்து மணி அடித்த பிறகுதான் கனகலிங்கம் படி ஏறினார்.

ஆயுத லைசென்ஸுகளைக் கவனித்தவர் ஹாஷிம் என்ற இன்ஸ்பெக்டர். ராதாகிருஷ்ணன் சொன்னதைக் கேட்டு அவர் ஏற்கனவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கனகலிங்கம் ரிஜிஸ்டரை விரித்துப் பக்கத்தைக் காட்டினார். துரையின் கடிதமும் ஃபைலில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மலாயில் சொன்னார்: இந்தக் கடிதமே போதும், தப்பு எழுதினவர் நாட்டை விட்டுப் போய்விட்டார், துப்பாக்கியை ஒப்படைத்து விடுங்கள், நான் அப்படியே எழுதி முடித்து விடுகிறேன், என்சிக், நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

"சாலா சாயா, துவான்" என்றார் கனகலிங்கம். தப்பு என்னுடையது, ஐயா.

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டார். இருபது வருஷ வேலையில், கையில் தப்பிக்கும் கடிதத்தை வைத்துக்கொண்டு அதை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அது பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. கனகலிங்கம் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. இரண்டாவது டிக் இல்லாத கட்டத்தை விரலால் காட்டி, தம் முறையை விளக்கி, அந்த ஒரு நாள் அதை ஏன் மீறினார் என்பதையும் சொன்னார். துரைக்கு முன்னால் எழுந்து நின்ற பழக்கத்தையும் சொல்லாமல் விடவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் காது சிவந்தது. வாக்குமூலம் நான்கு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு தேதி பிழையாக இருந்தது. திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ரிஜிஸ்டரை விசாரணைக்கு விட்டுப்போகச் சொன்னபோது ரசீது கேட்டார். ரசீது வந்தது. அதில் பக்கங்களின் எண்ணிக்கை இல்லை. அதையும் எழுதச் சொன்னார்.

"இது சந்தேகமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை துவான். பழக்கம்."

அன்று தொழுகை முடிந்து பிற்பகல் மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு கடைக்கு வந்தார். சபாபதி தம் சாவியைத் திருப்பினார். கனகலிங்கம் தம் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். மூன்று நாளில் அது அப்போதுதான் வெளியே வந்தது. துப்பாக்கியைக் கான்ஸ்டபிள் கையில் வாங்கி எண்ணைப் படித்தான். நான்கு, ஏழு, எட்டு...

"மூணு" என்றார் கனகலிங்கம். "எட்டு இல்லை, மூணு. இரும்பைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியை வாங்கித் தாமே பார்த்தார். மூன்றுதான். அவர் ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்தார், பக்கிரிசாமி திருப்பிப் படித்தான். முதலில் வந்து சொன்னவர் என்பதால் ராதாகிருஷ்ணன்மீது வழக்கு எதுவும் வரவில்லை. கனகலிங்கத்துக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. கடையை அறுபது நாள் மூடச் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுநாள் சனிக்கிழமை. கனகலிங்கம் வழக்கம்போல எட்டரைக்கு வந்து கைகளைக் கழுவினார். சபாபதி ஒரு கடிதத்தை மேசைமேல் தள்ளினார்.

"அதான் சொன்னேனே. வர வேணாம்னு."

கனகலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தாமாக விரும்பி வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக அவர் பெயரில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இது பிழை. நான் விலகலை. நீங்க அனுப்புறீங்க. அதை எழுதுங்க."

"எல்லாம் ஒண்ணுதானே ஐயா!"

"ஒண்ணில்லை. காரணமும் எழுதுங்க. போலீஸுக்கு உண்மையைச் சொன்னதால வேலையிலிருந்து நீக்கினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் வாங்கிக்கிட்டுப் போறேன்."

சபாபதி பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். ‘முதலாளியின் சொல் கேளாமை’ என்று எழுதினார்.

"என்ன சொல்லுன்னும் எழுதணும். கறையான் விஷயம்" என்றார் கனகலிங்கம்.

பட்டறைக்குள் பக்கிரிசாமி இந்த முறை இருமவில்லை, வாய்விட்டுச் சிரித்தான். சபாபதி தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, "எப்படியோ போங்க!" என்று கத்திவிட்டு வெளியே போனார். கனகலிங்கம் கசங்கிய தாளைக் குனிந்து எடுத்து, நீவி, தேதி போட்டு ஃபைலில் வைத்தார். பிறகு தம் நாற்காலியில் உட்கார்ந்தார். திங்கட்கிழமையும் வந்தார். மூடியிருந்த அறுபது நாளும் வந்தார். சபாபதி முதல் வாரம் பேசவில்லை. இரண்டாம் வாரம் கோப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். கடை திறந்து, ரிஜிஸ்டரும் போலீஸிலிருந்து திரும்பி வந்தபோது அவரை அனுப்பிவிட வேண்டும் என்று பேசியதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அப்படியே இன்னும் பதினோரு ஆண்டு ஓடிவிட்டது. ஓய்வு பெறும் வயதையும் அவர் அங்கேயே தாண்டினார்.

1987 டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, அவருடைய கடைசி நாள். ரிஜிஸ்டர்களைச் சரிபார்த்து அறிக்கை எழுதுவதற்காக பாலன் என்ற போலீஸ் சார்ஜெண்ட் வந்திருந்தார். மொத்தம் ஒன்பதாயிரத்து நாற்பத்தேழு பதிவுகள். பாலன் சலிக்காமல் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"ஐயா, இங்க ஒரு டிக் விட்டுப்போச்சு போல."

"விட்டுப்போகலை. இல்லை."

"பக்கிரி அண்ணன் இங்கதானே இருக்காரு? ஒரு டிக் போடச் சொல்லுங்க. கடைசி நாள், புத்தகம் முழுசா இருக்கட்டும் லா."

பக்கிரிசாமி பட்டறை வாசலில் வந்து நின்றான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அவன் கனகலிங்கத்தைப் பார்த்தான், அருகில் வரவில்லை.

"அன்னைக்கு அவர் படிக்கலை. இன்னைக்கு எப்படிப் போடுவார்?"

"பத்தொன்பது வருஷம் ஆயிடுச்சே ஐயா. யார் பார்க்கப் போறா?"

"நீங்க பார்த்தீங்களே."

பாலன் சிரித்துவிட்டு அறிக்கையை எடுத்தார். குறைகள் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். கனகலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"பக்கம் 212, வரி ஒன்பதுன்னு போடுங்க. எண்ணையும் போடுங்க." ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்தார். "நான்கு. ஏழு. மூன்று. பூஜ்யம். ஒன்று. எட்டு. இரண்டு."

பாலன் எழுதினார். கனகலிங்கத்தின் விரல் அகலவில்லை. பாலன் நிமிர்ந்து பார்த்தார். கிழவர் எதற்காகவோ காத்திருந்தார். பாலனுக்கு மெல்லத்தான் புரிந்தது.

"நாலு" என்று தொடங்கினார் பாலன், "ஏழு, மூணு..."

கடைசி இலக்கம் வரும்வரை கனகலிங்கம் விரலை எடுக்கவில்லை.